மருந்து என்று சொன்னேன்

1

பதினான்கு வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன். நம்மூரில் அப்படிச் சொன்னால், எப்படியோ காலம் தள்ளுகிறாள் என்று எடுத்துக்கொள்வார்கள். கனடாவில் அது நிஜமான வேலை. காய்கறித் தோலுக்கு ஒரு தொட்டி, காகிதத்துக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று. எந்தத் தொட்டியை எந்தக் கிழமை வாசலில் வைப்பது என்று நகராட்சி அச்சடித்த காலண்டர் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. சாமி படத்துக்கு அடுத்தபடியாக நான் தினமும் பார்ப்பது அதைத்தான்.

இந்த மூன்றிலும் சேராத நான்காவது குப்பை ஒன்று உண்டு. பழைய பெயின்ட், கார் பேட்டரி, என்ஜின் ஆயில், பூச்சி மருந்து, குழல் விளக்கு. இவற்றைத் தொட்டியில் போடக்கூடாது, சாக்கடையில் ஊற்றக்கூடாது, மண்ணில் புதைக்கக்கூடாது. ஊருக்கு வெளியே இதற்கென்றே ஒரு கிடங்கு இருக்கிறது. சனிக்கிழமை காலையில் நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காசு கிடையாது.

நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோது, முன்பு இருந்தவர் கராஜ் அலமாரி நிறைய இந்த நான்காவது குப்பையை விட்டுவிட்டுப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் செந்தில் வருஷா வருஷம் "இதைக் காலி பண்ணணும்" என்பார், நானும் "ஆமாம்" என்பேன். அந்த அலமாரியின் பக்கம் நான் போவதில்லை. அதன் மேல்தட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு பாட்டில் இருந்தது.

இந்த ஜனவரியில் செந்திலுக்குச் சனிக்கிழமையும் ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். "நீயும் வர்ஷாவும் போய்க் குடுத்துட்டு வந்துருங்க" என்று பெட்டியை மட்டும் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். வர்ஷா எங்கள் மகள், பதினைந்து வயது. அந்தச் சனிக்கிழமை பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு வந்தது. அது அம்மாவின் நினைவு நாள் என்பது செந்திலுக்கு ஞாபகமில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

2

அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிறது.

எங்கள் ஊர் பாகலூருக்குப் பக்கம். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கர்நாடகம். அப்பா அரை ஏக்கரில் பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரம் போட்டு ரோஜா வளர்த்தார். வெட்டிய பூ பெங்களூருக்குப் போகும், அங்கிருந்து எங்கெங்கோ போகும். கல்யாணத்துக்கும் காதலுக்கும் போகிற பூ அது, ஆனால் அதை வளர்ப்பவர்களுக்கு அதில் காதல் எல்லாம் கிடையாது. பூச்சி வரும், சாம்பல் நோய் வரும், மருந்து அடிக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவையாவது அடிப்பார்கள்.

மருந்து. பூச்சியைக் கொல்வதற்கும் அதே பெயர், காய்ச்சலைத் தீர்ப்பதற்கும் அதே பெயர். பக்கத்துத் தோட்டக்காரர் தெலுங்கு பேசுபவர், அவருக்கு இரண்டும் மந்து. பூ ஏற்ற வருகிற வண்டிக்காரர் கன்னடம், அவருக்கு இரண்டும் ஔஷதி. மூன்று பாஷை பேசுகிற ஊர் எங்களுடையது. மூன்றிலும் விஷத்தை நாங்கள் மருந்து என்றுதான் சொல்லி வளர்ந்தோம். அதில் ஒரு வித்தியாசமும் எங்களுக்குத் தோன்றியதில்லை.

ஆனால் "மருந்து குடித்துவிட்டாள்" என்று யாராவது சொன்னால் மட்டும் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். சாக வேண்டும் என்று குடித்தாள் என்று அர்த்தம். ஏன் குடித்தாள், யார் என்ன சொன்னார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

அண்ணன் முனிராஜ் எனக்குப் போன் செய்து அதே வார்த்தையில்தான் சொன்னான். "பாப்பா, அம்மா மருந்து குடிச்சிடுச்சி."

"எந்த மருந்து?" என்று கேட்டேன்.

"எந்த மருந்துன்னா? ரோஜாவுக்கு அடிக்கற மருந்துதான்."

நான்கு நாள் ஓசூரிலும் பெங்களூரிலும் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். தொண்டையில் குழாய் போட்டிருந்ததால் அம்மா யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டது.

மருந்து குடித்த அன்று மத்தியானம் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டிருந்தார்கள். நிலத்தைக் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி கேட்டது. விற்றுவிடலாம் என்றார் அப்பா, கூடாது என்றது அம்மா. பேச்சு முற்றி, "எங்கனா போய்த் தொலை" என்று அப்பா கத்தியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மாட்டைப் பார்த்தும் மனுஷரைப் பார்த்தும் சொல்கிற வார்த்தை அது. வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த அண்ணன் அதைக் கேட்டுவிட்டான். சாயங்காலம் அம்மா மருந்து குடித்தது. அவன் கணக்கைக் கூட்டிவிட்டான், ஊரும் கூட்டிவிட்டது.

"தெரியாம குடிச்சிட்டா" என்று அப்பா போலீசிலும் சொன்னார், சாவுக்கு வந்தவர்களிடமும் சொன்னார். யாரும் நம்பவில்லை. முப்பது வருஷம் தோட்டத்தில் வேலை செய்தவளுக்கு மருந்து தெரியாதா என்று கேட்டார்கள்.

அது தெரியாமல்தான் நடந்தது. அது தெரிந்த ஒரே ஆள் நான்.

3

அன்று அங்கே சாயங்காலம் ஆறு மணி, இங்கே காலை ஏழரை. ஒரு கையால் வர்ஷாவுக்கு டிபன் கட்டிக்கொண்டே வீடியோவில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு விடாத இருமல்.

"என்னம்மா இப்பிடி இருமற?"

"பனி பாப்பா. விடியக்காலம் பூப் பறிக்கப் போறமில்ல, மூக்கே அடைச்சிக்கிச்சி. அவரைக்கொட்ட வெந்துட்டிருக்குது, வாசனையே தெரியல."

"மருந்து குடிச்சியா?"

"தீந்துபோச்சி போல."

"உம் பின்னாடி ஜன்னல் மேல இருக்குது பாரு. அந்த பாட்டில்தான்."

அம்மா திரும்பிப் பார்த்தது. பழுப்பு பாட்டில், வெள்ளை மூடி. முந்தின தடவை ஊருக்குப் போனபோது நானே வாங்கிக் கொடுத்த இருமல் டானிக் பாட்டில் அது. "ஆமா இருக்குது. உங்கண்ணன் வாங்கியாந்து வெச்சிருப்பான்" என்றது.

"ஒரு மூடி பத்தாது, ரெண்டு மூடி குடி. கசக்குதுன்னு துப்பிடாத. ஒரே மடக்கா முழுங்கிடு."

"சரிங்க டாக்டரம்மா" என்று சிரித்தது.

பின்னாலிருந்து வர்ஷா பஸ், பஸ் என்று கத்தினாள். நான் போனை வைத்துவிட்டேன். அம்மா குடித்ததை நான் பார்க்கவில்லை. நான் சொன்னால் அம்மா கேட்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்த மருந்தைப் பற்றிப் பிறகு தெரிந்துகொண்டேன். அரை ஏக்கருக்கு முழு டப்பா தேவைப்படாது என்று அப்பாவும் பக்கத்துத் தோட்டக்காரரும் பங்கு போட்டு வாங்குவார்கள். அப்பாவின் பங்கை ஊற்றக் காலி பாட்டில் ஒன்று வேண்டும். கையில் கிடைத்தது டானிக் பாட்டில். வீட்டில் அண்ணனின் சின்னப் பிள்ளைகள் இருந்ததால், அவர்கள் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து ஜன்னல் மேல் வைத்திருக்கிறார். ஜாக்கிரதையாகத்தான் வைத்திருக்கிறார். அம்மாவிடம் சொல்வதற்குள் சண்டை வந்துவிட்டது.

4

சாவுக்கு நான் போகவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அனுப்பியிருந்தேன். அவசரமாகத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டால் இறப்புச் சான்றிதழ் அனுப்பு என்றார்கள். போஸ்ட்மார்ட்டம் அறிக்கை வந்தால்தான் சான்றிதழ் என்று அங்கே சொன்னார்கள். அறிக்கை வருவதற்குள் அம்மாவை எரித்துக் காரியமும் முடிந்துவிட்டது. நான் இங்கே சமையலறைத் தரையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். எந்த ஜன்னலுக்கு முன்னால் அம்மா உட்கார்ந்து பேசியதோ அதே இடத்தில் படம் மாட்டி விளக்கு வைத்திருந்தார்கள்.

காரியத்தன்று அண்ணன் கேட்டான். "கடைசியா உங்கிட்டதான் பேசியிருக்குது. ஏதாச்சும் சொல்லுச்சா பாப்பா?"

"ஒண்ணும் சொல்லலண்ணா" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தையை எழுத எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது என்றெல்லாம் எழுதினால் பொய். வரவில்லை. பயந்தேன். அம்மாவைக் கொன்றவள் என்று அண்ணன் என்னைப் பார்ப்பான் என்று பயந்தேன். அப்பாவை அப்படிப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்போது அப்படி யோசித்துச் செய்யவில்லை, ஆனால் செய்தது அதுதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். தாராளமாக முடியும். எட்டாயிரம் மைல் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டால் யார் சோற்றைக் கிளறிப் பார்க்கப்போகிறார்கள்?

ஐந்து மாதம் கழித்து ஊருக்குப் போனேன். அதற்குள் அப்பா பாலிஹவுஸைப் பிரித்து விற்றுவிட்டார். ரோஜாச் செடிகளைப் பிடுங்கிவிட்டுக் கேழ்வரகு போட்டிருந்தார். நிலத்தை விற்கவில்லை, அம்மா சொன்னது நடந்தது. அண்ணன் குடும்பத்தோடு ஓசூருக்குக் குடிபோய்விட்டான். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை, பக்கத்திலேயே வாடகை வீடு. அப்பாவோடு பேச்சு இல்லை. அவன் ஊர்ப்பக்கம் வந்தால்கூட வீட்டுக்கு வராமல் மாமன் வீட்டோடு திரும்பிவிடுவான் என்று அப்பாவே சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, அது நியாயம்தான் என்பது போலச் சொன்னார்.

மூன்று வாரம் இருந்தேன். தினமும் அப்பாவுக்குச் சமைத்துப் போட்டேன். ஒரு நாளும் சொல்லவில்லை.

5

இனி அந்தச் சனிக்கிழமை.

கிடங்குக்குக் கொண்டுபோக விதிமுறை இருக்கிறது. ஒன்றோடு ஒன்றைக் கலக்கக்கூடாது. எது எதில் வந்ததோ அதிலேயே இருக்க வேண்டும், வேறு பாத்திரத்துக்கு மாற்றக்கூடாது. மூடி இறுகியிருக்கிறதா பார்த்து, அட்டைப்பெட்டியில் நிமிர்த்தி வைத்து, நடுவில் பழைய பேப்பர் அடைத்து, காரின் பின்பக்கத்தில் வைக்க வேண்டும். என்னவென்று தெரியாத பாட்டிலை முகர்ந்து பார்க்கக்கூடாது, "தெரியாது" என்று எழுதி ஒட்டினால் போதும். வர்ஷா போனில் படிக்கப் படிக்க நான் அடுக்கினேன். பழுப்பு பாட்டிலை அவள் எடுத்து வைத்தாள். அதில் பாதி கிழிந்த லேபிள் ஒன்று இருந்தது, ஒரு ரோஜாப்பூ படம் மட்டும் மிச்சம்.

கிடங்கில் கார்கள் வரிசையாக நின்றன. யாரும் இறங்கக்கூடாது. மஞ்சள் மேல்சட்டையும் தடித்த கையுறையும் போட்ட ஓர் ஆள் ஒவ்வொரு காராக வந்து, என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டு, அவரே எடுத்துப் போய் வகைவாரியாக வைத்தார். எங்கள் முறை வந்தது. பெயின்ட், பேட்டரி என்று வரிசையாகச் சொன்னேன். பழுப்பு பாட்டிலைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

"மெடிசின்" என்றேன்.

"மெடிசின் இங்கே வாங்க மாட்டோம்மா. பார்மசியில் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்" என்று பாட்டிலைப் பெட்டியில் திரும்ப வைக்கப் போனார்.

"இல்லை, இது ரோஜாவுக்குப் போடுகிற மெடிசின்."

அவருக்குப் புரியவில்லை. பதினான்கு வருஷ இங்கிலீஷ் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. ரோஜாவுக்கு உடம்பு சரியில்லை என்கிற மாதிரி அவர் என்னைப் பார்த்தார். பக்கத்து சீட்டிலிருந்து வர்ஷா எட்டிப் பார்த்து, "பாய்சன். எங்கம்மா சொல்றது பூச்சிக்கு அடிக்கிற பாய்சன்" என்றாள்.

அந்த ஆளின் கை உடனே மாறியது. இதுவரை ஒற்றைக் கையால் பிடித்திருந்த பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்தார். அப்புறம் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் என்னிடமும் கேட்டார்.

"இது அதோட சொந்த பாட்டில்தானே? வேற எதிலிருந்தும் இதுல மாத்தி ஊத்தலையே?"

"எங்கப்பாதான் ஊத்தினாரு" என்றேன். தமிழில் சொன்னேன். சொன்னது எனக்கே கேட்டபோதுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

அவர் வர்ஷாவைப் பார்த்தார். வர்ஷா என்னைப் பார்த்தாள். பிறகு அவளே இங்கிலீஷில், லேபிள் இருக்கிறது, பழைய வீட்டுக்காரருடையது, நாங்கள் திறக்கவே இல்லை என்று பதில் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, அதைத் தனியாக இருந்த ஒரு சிவப்புப் பெட்டியில் வைத்தார். "நல்லது. சில பேர் குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்கிறார்கள். அப்புறம் வீட்டில் யாராவது..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நம்மூரில் இப்படி ஓர் இடம் இருந்தால் அப்பா கொண்டுபோய்க் கொடுத்திருப்பாரா என்று யோசிக்கிறேன். கொடுத்திருக்க மாட்டார். காசு கொடுத்து வாங்கிய மருந்தை யார் தூக்கிக் கொடுப்பார்கள்? நானும் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் வேறு பாட்டிலில் ஊற்றாதே என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், எப்போதாவது அவரிடம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்.

6

கிடங்கை விட்டு வெளியே வந்து, சாலை ஓரம் பனி குவித்திருந்த இடத்தில் காரை நிறுத்தினேன்.

வர்ஷா வீட்டில் எங்களோடு இங்கிலீஷில்தான் பேசுவாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், பல வருஷமாக அப்படியே ஓடுகிறது. அன்று அவளாகத் தமிழில் கேட்டாள். "தாத்தா என்ன ஊத்தினாங்க?"

சொன்னேன். முதன்முதலாக ஒரு மனுஷரிடம் சொன்னேன், அதுவும் பெற்ற பெண்ணிடம். பாட்டி இருமியதையும், ஜன்னலையும், இரண்டு மூடி என்று நான் சொன்னதையும், அவள் பஸ் என்று கத்தியதும் போனை வைத்ததையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு எதையோ யோசித்தாள்.

"அன்னிக்கு நான் பஸ், பஸ்னு கத்தினேன்" என்றாள். "அதனாலயா நீங்க போன் வெச்சீங்க? நான் கத்தலன்னா பாட்டி குடிக்கறத நீங்க பாத்திருப்பீங்களா?"

"இல்லடி. ஐயோ, இல்ல. அதுக்கும் உனக்கும் என்னடி இருக்கு?"

"தெரியல" என்றாள். "சும்மா கேட்டேன்."

அவள் சும்மா கேட்கவில்லை. அப்போது ஒன்பது வயது அவளுக்கு. சொல்லி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் அந்தச் சாவில் தனக்கென்று ஒரு பங்கைத் தேடி எடுத்துவிட்டாள். எனக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். ஆறு வருஷமாகத் தனியாக உட்கார்ந்து அவர் என்னென்னவெல்லாம் தேடி எடுத்திருப்பார்? இவளுக்கு இல்லை என்று சொல்ல நான் பக்கத்தில் இருந்தேன். அவருக்கு யார் இருந்தார்கள்?

மணி ஒன்பதரை. ஊரில் ராத்திரி எட்டு. அங்கேயே, காரிலேயே, அப்பாவுக்கு வீடியோ போட்டேன். வீட்டுக்குப் போனால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

7

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா படத்துக்குச் செவ்வந்திப்பூ போட்டிருந்தார். ரோஜா போட மாட்டார்.

"சொல்லு பாப்பா. சனிக்கெழம இந்நேரத்துக்குக் கூப்ட மாட்டியே. கொழந்த நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்கறாப்பா. அப்பா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி சாயங்காலம் நான் அம்மாகிட்ட பேசுனேன்."

"தெரியும். முனிராஜ் சொன்னான். ஒண்ணும் சொல்லலயாம்."

"சொல்லுச்சிப்பா. நல்லாப் பேசுச்சி. இருமல் தாங்கலன்னு சொல்லுச்சி. நான்தான் ஜன்னல் மேல இருக்கற மருந்த எடுத்துக் குடின்னேன். டானிக்குன்னு நெனச்சிட்டேன்ப்பா. ரெண்டு மூடி குடின்னு நான்தான் சொன்னேன்."

அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. ரோட்டில் லாரி போகிற சத்தம் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்றுகூட இருந்தது.

"இருமலுக்கா குடிச்சா?" என்றார்.

"ஆமாப்பா."

"இருமலுக்குத்தானா பாப்பா?"

"ஆமாப்பா."

"எம்மேல கோவத்துல இல்லியா?"

தெரியாமல் குடித்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர். அந்தப் பேச்சை ஊர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அவரும் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியாது. பாட்டிலை மாற்றி வைத்த பழி மட்டும்தான் அவர் மனசில் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தான் சொன்ன வார்த்தைக்காகப் பெண்டாட்டி செத்தாள் என்று அவர் ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் என் பயத்தைத்தான் பார்த்தேன். அவரை ஒரு நாளும் பார்க்கவில்லை.

"கோவமே இல்லப்பா. சிரிச்சிட்டிருந்துச்சி. என்னை டாக்டரம்மான்னு கிண்டல் பண்ணுச்சி."

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

"அவரைக்கொட்ட அடுப்புல வெந்துட்டிருக்குதுன்னு சொல்லுச்சி."

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "நான் வந்து பாக்கறப்ப அது தீஞ்சி கெடந்துச்சி" என்றார். "எனக்குப் புடிக்கும்னுதான அது போடுவா. அவளுக்கு அது ஆவாது, வாயு. கோவமா இருக்கறவ என்னாத்துக்கு அவரைக்கொட்டைய அடுப்புல ஏத்துனா? ஆறு வருசமா அதையேதான் யோசிக்கறேன் பாப்பா. யார்கிட்ட போயி கேக்கறது?"

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அம்மா சாவுக்குக்கூட அழவில்லையாம், அதையும் ஊர் ஒரு குற்றமாகத்தான் சொன்னது. "இரு, கைய கழுவிட்டு வரேன்" என்று போனைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அந்த வீட்டு மேற்கூரையும் ஒரு ஃபேனும்தான் தெரிந்தன. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது, பிறகு அவர் அழுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. வர்ஷா என் தோளில் சாய்ந்து அந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து அப்பா என்னை மன்னிக்கவில்லை, திட்டவுமில்லை. "வேற என்னா சொன்னா? எல்லாத்தியும் சொல்லு" என்றார். என்ன புடவை என்று கேட்டார். பச்சை என்றேன். எங்கே உட்கார்ந்திருந்தாள், எப்படிச் சிரித்தாள், மூக்கு அடைத்தது பற்றி என்ன சொன்னாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா கடைசியாகப் பேசிய அரை மணி நேரம் ஆறு வருஷமாக என் கையில் இருந்திருக்கிறது. அதை அவருக்குக் கொடுக்காமல் நான் பூட்டி வைத்திருந்திருக்கிறேன்.

8

மறுநாள் அண்ணனைக் கூப்பிட்டேன். நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேட்டான்.

"நான் கேட்டனே அன்னிக்கி" என்றான்.

"கேட்டண்ணா."

"ஒண்ணும் சொல்லலன்னியே."

"ஆமாண்ணா."

"எம் பசங்க தாத்தா வூட்டு வாசப்படிய மிதிச்சி ஆறு வருசம். ரோட்ல எதுக்க வந்தாக்கூட மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போனன்டி நானு. அந்த மனுசன் நின்னு பாத்துக்கினே இருப்பாரு. தெரியுமா உனக்கு?"

தெரியாது என்று சொல்ல முடியவில்லை. போனை வைத்துவிட்டான். சாயங்காலம் பார்த்தால் வாட்ஸ்அப்பில் அவன் படம் மறைந்திருந்தது. நான் அனுப்பியது எதுவும் போய்ச் சேரவில்லை. என்னைத் தடுத்துவிட்டான் என்று வர்ஷா விளக்கினாள். அந்த வார்த்தையை மட்டும் அவள் தமிழில் சொல்லியிருக்க வேண்டாம்.

பொங்கலன்று அப்பாவே என்னைக் கூப்பிட்டார். பின்னால் சத்தமாக இருந்தது, தெருவில் ஆட்கள் பேசுகிற சத்தம். "முனிராஜ் வந்தான் பாப்பா" என்றார். "பசங்களயும் கூட்டியாந்தான். காலைல வந்தவன் வாசல்லயே நின்னான், உள்ள வரல. நான்தான் போயி கையப் புடிச்சிக் கூட்டியாந்தேன். என்னா வளத்தி வளந்துட்டானுங்க பசங்க! சாப்ட்டு இப்பதான் கெளம்புனாங்க."

ஆறு வருஷத்தில் அப்பா மூச்சு விடாமல் இவ்வளவு பேசியதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. நெஞ்சு வலித்தது, அதுவும் உண்மை.

"என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டானாப்பா?"

"இல்ல பாப்பா."

"எங்கிட்ட பேசுவானாப்பா?"

"பேசுவான். கொஞ்ச நாள் ஆவும்."

"உங்களுக்கு ஆறு வருசம் ஆச்சேப்பா."



"நான் இருந்தனில்ல" என்றார். "நீயும் இரு."